மெயினை நான் ஏன் போடவில்லை என்றால்

மேல்பட்டாம்பாக்கம்
ஆவணி 14, ஞாயிற்றுக்கிழமை

பேரன்புக்குரிய மச்சான் ராஜவேல் அவர்களுக்கு, உங்கள் அக்காள் அமராவதியின் வீட்டுக்காரனும், மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருடம் சப்-ஸ்டேஷன் ஆபரேட்டராக இருந்து ஒருவர் உயிருக்கும் சேதமில்லாமல் ஓய்வுபெற்றவனுமான மணவாளன் வணக்கம் சொல்லி எழுதிக்கொண்டது.

இவ்விடம் நாங்கள் மூவரும் சுகம். அக்காளுக்கு முழங்கால் வலி பாதி குறைந்திருக்கிறது. என்மேல் உள்ள கோபம் புதன்கிழமையிலிருந்து குறையவில்லை, அதன் விவரம் கீழே வருகிறது. அவ்விடம் தாம்பரத்தில் நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல், வோல்டேஜ் குறையாமல் இருக்கப் பாடலீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன்.

போன் இருக்கும்போது இந்த ஆள் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் என்னைப் பேச விடுவதில்லை மச்சான். நான் "அலோ" என்பதற்குள் நீங்கள் மூன்று முடிவு எடுத்துவிடுகிறீர்கள். வாட்ஸப்பில் எழுதினால் படிக்காமலே கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிடுகிறீர்கள். ஆகையால் குறுக்கே யாரும் பேச முடியாத இந்த முறையைக் கையாள்கிறேன். விஷயம் இதுதான்: எங்கள் மகள் இளமதிக்கு நீங்கள் அங்கே கார் கம்பெனியில் பேசி வைத்திருக்கும் கஸ்டமர் கேர் வேலைக்கு அவள் வரமாட்டாள். அவளுக்காக நீங்கள் மாடி ரூமைக் காலி பண்ணி, இரும்புக் கட்டில் வாங்கிப் போட்டிருப்பதாகவும், பதினைந்தாம் தேதிக்குள் வராவிட்டால் அந்த இடத்தை வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றும் சொன்னீர்கள். உங்கள் பாசத்துக்கு ஆயிரம் நன்றி. கட்டிலைக் கடைக்காரன் திருப்பி எடுத்துக்கொள்வானா என்று கேட்டுப் பார்க்கவும். கோபப்படாமல் முழுவதும் படிக்கவும்.

இளமதி படித்தது என்ன, தேடிய வேலை என்ன என்று உங்களுக்கு இரண்டு வருடமாக விளங்கவில்லை. உங்களைச் சொல்லிக் குற்றமில்லை, எனக்கே போன மாதம்தான் விளங்கியது. டெவ்ஆப்ஸ் என்று அதற்குப் பெயர். ஒருநாள் உட்கார வைத்துக் கேட்டேன். "புரோகிராம் எழுதுறவங்க எழுதிக் குடுத்துட்டுப் போயிடுவாங்கப்பா. அத சர்வர்ல ஏத்தி, விழாம ஓட வெச்சு, அப்பிடியே விழுந்தாலும் ஊருக்குத் தெரியறதுக்குள்ள தூக்கி நிறுத்துறது எங்க வேல" என்றாள். நான், "இத்தானே? நான் பண்ணதும் அதுதான். கரண்ட்டு தயார் பண்றவன் நெய்வேலியில இருக்கான், நான் அது விழாம பாத்துக்கிட்டேன். இதுக்கா நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்ச?" என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அந்த வேலையை நம்ம பக்கத்தில் தேடுவதென்றால் என்ன என்பதை நீங்கள் தாம்பரத்தில் இருந்துகொண்டு கற்பனை பண்ண முடியாது மச்சான். மஞ்சக்குப்பத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரர் இவளுடைய பயோடேட்டாவை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் இருக்கட்டும்மா, இந்தப் பிரிண்டர் பேப்பர இழுக்க மாட்டேங்குது, கொஞ்சம் என்னான்னு பாரு" என்றார். இவளும் ரோஷத்தில் சரி பண்ணிக் கொடுத்துவிட்டாள். நாளையிலிருந்து பத்து மணிக்கு வந்துவிடச் சொன்னார். ஒரு தொழிற்சாலையில் மேனேஜர், "ஆப்ஸ்னா ஆபரேட்டர்தானே? பாய்லர் லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்டார். இன்னொரு ஆபீசில், புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஐந்து வருட அனுபவம் கட்டாயம் என்றார்கள். "அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நான் பிளஸ் டூல கெமிஸ்ட்ரி படிச்சிக்கிட்டு இருந்தேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்தாள். இப்படி ஒவ்வொரு தடவையும் நெல்லிக்குப்பம் பஸ்ஸில் திரும்பி வருவாள், செருப்பைக் கழற்றுகிற சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். அழமாட்டாள். அது உங்கள் அக்காள் பக்கத்துப் பிடிவாதம். நேராகப் போய் அந்த லேப்டாப்பைத் திறந்து, தனக்குத்தானே ஒரு சர்வரை உண்டாக்கி, தானே அதைக் கெடுத்து, தானே ரிப்பேர் பண்ணிக்கொண்டிருப்பாள். அந்த நேரத்தில்தான் நீங்கள் கார் கம்பெனி விஷயத்தைச் சொன்னீர்கள். காதில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க மற்றவர்கள் திட்டுவதைக் கேட்கும் வேலை. அவளும், "சரிப்பா, சிதம்பரத்துல ஒரு எடம் மட்டும் பாக்கி. அதுவும் இல்லன்னா மாமா வீட்டுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. இளமதி எதற்கும் சரி என்று சொல்லும் பிள்ளை இல்லை.

சிதம்பரம் இடம் என்பது மேல வீதியில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் சின்னக் கம்பெனி. சிந்துஜா என்று ஒரு பெண் நடத்துகிறது. பெங்களூரில் பத்து வருடம் வேலை பார்த்துவிட்டு, சொந்த ஊரிலேயே செய்கிறேன் என்று வந்த பெண். டாக்டர்களின் கிளினிக்குகளுக்கு டோக்கன் போடும் சாப்ட்வேர். நோயாளி வீட்டிலிருந்தே நம்பர் வாங்கிக்கொண்டு, தன் முறைக்குக் கொஞ்சம் முன்னால் வந்தால் போதும். கடலூரிலிருந்து கும்பகோணம் வரைக்கும் நாற்பது கிளினிக்கில் ஓடுகிறதாம். வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ், மற்ற நாள் வீட்டிலிருந்தே வேலை. அதற்குக் கடைசித் தேர்வாக நாலு மணி நேரம் வீட்டிலிருந்தே கேமரா முன்னால் உட்கார்ந்து ஒரு சர்வரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே சிலம்பரசன் என்கிற பையன் அரை மணிக்கு ஒரு தடவை அதில் நுழைந்து எதையாவது உடைப்பான். இவள் நிறுத்த வேண்டும். தேதி புதன்கிழமை, காலை பதினொன்று முதல் மூன்று வரை.

திங்கட்கிழமை பேப்பரைத் திறக்கிறேன் மச்சான். மாதாந்திரப் பராமரிப்பு, புதன்கிழமை காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்சாரம் இருக்காது, கீழே ஊர்ப் பட்டியலில் முதல் ஊரே நம்ம ஊர். எத்தனை வருடம் அந்த அறிவிப்பை நானே போன் பண்ணிப் பேப்பருக்குக் கொடுத்திருக்கிறேன்!

உங்கள் அக்காள் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டாள். "ஒரு போன் போடுங்க. உங்களுக்குக் கீழ வேல பாத்தவங்கதானே இப்ப அங்க இருக்காங்க? வியாழக்கிழம நிறுத்திக்கச் சொல்லுங்க" என்றாள். நான் முடியாது என்றேன். மழைக்கு முன்னால் கம்பத்தில் பீங்கானெல்லாம் மாற்றியாக வேண்டும், என் மகள் இன்டர்வியூவுக்காக லைனை நிறுத்தாதே என்று நான் எந்த வாயால் சொல்வது? சரி, அந்தச் சிந்துஜாவிடம் தேதியை மாற்றச் சொல்லலாமே என்றால் இளமதி ஒத்துக்கொள்ளவில்லை. "நாப்பது கிளினிக்கு விழாம பாத்துக்கறேன்னு போறேன், வீட்டுல ஒரு லேப்டாப்பு விழாம பாத்துக்க முடியலன்னு சொல்லச் சொல்றியாப்பா?" என்றாள். இன்வர்ட்டர் இல்லையா என்று கேட்பீர்கள். ஈ.பி.காரன் வீட்டில் இன்வர்ட்டர் வைத்தால் சொந்த டிபார்ட்மெண்டை நம்பாதது மாதிரி ஆகுமே என்று நான் வாங்கவே இல்லை. இதை உங்கள் அக்காள் புதன்கிழமை மட்டும் பதினோரு தடவை சொல்லிக் காட்டினாள்.

ஆகவே ஜெனரேட்டர். பந்தல், மைக்செட், சீரியல் லைட் எல்லாம் வாடகைக்கு விடும் சிங்காரத்திடம் சொன்னேன். ஜெனரேட்டர் வைத்தால் அதில் ஒரு ஆபத்து இருக்கிறது மச்சான், உங்களுக்குத் தெரிந்திருக்காது. வீட்டு மெயினை அணைக்காமல் ஜெனரேட்டரை ஓட்டினால், அந்தக் கரண்ட்டு நம்ம வீட்டு வழியாகவே பின்னால் ஏறி, கம்பத்தின்மேல் லைன் செத்துவிட்டது என்று நம்பி வேலை செய்துகொண்டிருக்கிறவன் கையில் போய் நிற்கும். அதற்காகத்தான் சப்-ஸ்டேஷனில் லைன் கிளியர் என்று ஒரு முறை. சுருக்கமாக எல்.சி. கம்பத்தில் ஏறப் போகிறவன் நோட்டில் கையெழுத்துப் போட்டு எல்.சி. வாங்குவான், நான் லைனை அணைத்து, சுவிட்சின்மேல் "ஆட்கள் வேலை செய்கிறார்கள், தொடாதே" என்று சிவப்பு போர்டைத் தொங்கவிடுவேன். வாங்கின ஆளே இறங்கி வந்து திருப்பிக் கையெழுத்துப் போட்டால்தான் மறுபடி லைன். மந்திரியே போன் பண்ணினாலும் அதற்கு முன்னால் கை வைக்கக் கூடாது. ஒருமுறை ஒரு பெரிய அதிகாரி போனில் கத்து கத்தென்று கத்தி, "எல்லாம் முடிஞ்சிருச்சு, போடுய்யா" என்றார். நான் போடவில்லை. அந்த நிமிஷம் ஒயர்மேன் ஒருத்தன் கம்பத்தின்மேல்தான் இருந்தான். அவன் இன்றைக்கும் பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தால் கையைப் பிடித்து இழுத்துப் போய் டீ வாங்கிக் கொடுப்பான்.

புதன்கிழமை ஒன்பது மணிக்கு மெயினை அணைத்தேன். ரிட்டயர்மெண்ட் அன்று பையன்கள் விளையாட்டாகக் கொடுத்தனுப்பிய சிவப்பு போர்டு ஒன்று என்னிடம் இருக்கிறது, அதை மெயின்மேல் மாட்டினேன். பழைய நோட்டில் இளமதி பெயரில் எல்.சி. எழுதிக் கையெழுத்து வாங்கினேன். அவள் சிரிக்கவில்லை. "நல்லதுப்பா. நான் வந்து திருப்பிக் குடுக்கற வரைக்கும் யாரும் மெயினத் தொடக் கூடாது. மாத்தி மாத்திப் போட்டா லேப்டாப்பு தாங்காது. ரூமுக்குள்ளயும் யாரும் வரக் கூடாது, கேமரா ஓடும்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளவும் மச்சான், என் கட்சிக்கு இதுதான் சாட்சி.

பத்தரைக்குச் சிங்காரம் குட்டியானை வண்டியில் வந்தான். வண்டியில் ஜெனரேட்டர் இருந்தது. அதோடு சீரியல் லைட் வளைவு ஒன்று, குழாய் ஸ்பீக்கர் இரண்டு, "நல்வரவு" என்று தெர்மோகோல் எழுத்து, மணமக்கள் உட்காரும் சிவப்பு நாற்காலி இரண்டு. "ஸ்டேஜ் எங்க மாமா?" என்றான். "எந்த ஸ்டேஜுடா?" என்றேன். "பொண்ணு இருக்கற வீட்டுல ஜெனரேட்டர் கேட்டா வேற எதுக்கு கேப்பாங்க? நிச்சயதார்த்தம்தானே? எனக்கு மட்டும் சொல்லாம மறைக்கிறீங்களே" என்று குறைப்பட்டுக்கொண்டான். நான் அவனுக்கு டெவ்ஆப்ஸ் என்னவென்று விளக்கி முடிப்பதற்குள் அவனுடைய ஆட்கள் வாசலில் வளைவை நிறுத்தி, பட்டப்பகலில் லைட்டையும் எரிய விட்டுவிட்டார்கள். அதைப் பார்த்து எதிர்வீட்டுப் பட்டம்மாள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வாழைப்பழத்தோடு வந்துவிட்டாள். "எங்கிட்டக்கூட சொல்லலியே அமராவதி! மாப்ள எந்த ஊரு?" என்றாள். எனக்கு ஜெனரேட்டர்மேல் கண். "சிதம்பரம்" என்றேன். "என்னா பண்றாரு?" "கிளினிக்குல டோக்கன்." பட்டம்மாள் முகம் வாடிவிட்டது. "போவட்டும், நல்ல கொணமா இருந்தா சரி" என்று சொல்லித் தாம்பாளத்தை அக்காள் கையில் கொடுத்தாள். அதற்குப் பிறகு தெருவே வந்துவிட்டது. யாருக்கென்று விளக்குவது? அக்காள் பேசாமல் எல்லோருக்கும் காபி போட ஆரம்பித்தாள்.

உள்ளே தேர்வு ஆரம்பித்துவிட்டது. ஜெனரேட்டர் சத்தத்துக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருக்கிறாள். ஒரு மணி நேரம் ஓடியது. பன்னிரண்டு ஐந்துக்கு ஜெனரேட்டர் இரண்டு தடவை விக்கி நின்றுவிட்டது. முந்தின நாள் காடாம்புலியூர்க் கல்யாணத்தில் ஓடியதோடு அப்படியே வந்திருக்கிறது, அடியில்கூட டீசல் இல்லை. "அஞ்சே நிமிஷம் மாமா, பங்க்குக்குப் போயிட்டு வந்துடறேன்" என்று சிங்காரம் ஒயரைக் கழற்றிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தான். அவன் தெருமுனை திரும்பின பிறகுதான் எனக்கு உறைத்தது. டீசல் வாங்கப் போன வண்டியின்மேல்தான் மச்சான் ஜெனரேட்டரும் இருந்தது. வாசலில் வளைவும் இரண்டு சிவப்பு நாற்காலியும் மட்டும் நின்றன. அதில் ஒன்றில் பட்டம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

லேப்டாப் பேட்டரி ஒன்றரை மணி நேரம் தாங்கும், நெட் போனிலிருந்து வரும் என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். நான் கடிகாரத்தைப் பார்க்கிறேன், பங்க் இருக்கும் திசையைப் பார்க்கிறேன், மறுபடி கடிகாரத்தைப் பார்க்கிறேன். பன்னிரண்டு நாற்பதுக்கு ஓர் அதிசயம் நடந்தது. என் சர்வீசில் நாலைந்து தடவைதான் நடந்திருக்கிறது. பையன்கள் வேலையைச் சீக்கிரமே முடித்துவிட்டார்கள், கரண்ட்டு வந்துவிட்டது! எதிர்வீட்டில் மோட்டார் ஓடுகிறது, பக்கத்து வீட்டில் மிக்சி, தெருவெல்லாம் பேன். நம்ம வீடு மட்டும் இருட்டு.

உங்கள் அக்காள், "அப்பாடா! மெயினப் போடுங்க" என்றாள். நான் போர்டைப் பார்த்தேன். சிவப்பு. நோட்டைப் பார்த்தேன். இளமதி கையெழுத்துப் போட்டு எடுத்த எல்.சி., திருப்பிக் கொடுத்ததற்குக் கையெழுத்து இல்லை. "எப்படி போடறது?" என்றேன்.

"எப்படி போடறதுன்னா? கையாலதான்!"

"எடுத்தவ வந்து திருப்பிக் குடுக்கல."

"நீங்க மனுஷனா, போர்டா?" என்றாள் அமராவதி. தெருவே கேட்டது. முப்பது வருடக் குடும்பத்தில் அவள் என்னை எத்தனையோ கேட்டிருக்கிறாள், இது கொஞ்சம் உள்ளே போய்விட்டது. அவளே மெயினைப் போட வந்தாள், நான் குறுக்கே நின்றேன். ஆமாம் மச்சான், நின்றேன். கம்பத்தில் யாரும் இல்லை, ஜெனரேட்டரும் இல்லை, போட்டால் ஒன்றும் ஆகாது என்று புத்திக்குத் தெரிகிறது. கை போகவில்லை. முப்பத்திரண்டு வருடம் அந்தப் போர்டுக்கு முன்னால் நின்ற கை, மகள் ஜாதகமே தொங்கும்போதும் போகவில்லை. உங்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. உடம்பெல்லாம் வேர்த்து நின்றேனே தவிர நகரவில்லை.

அக்காள் இளமதியின் ரூம் ஜன்னல் பக்கம் ஓடினாள். கண்ணாடிக்கு வெளியே நின்று துண்டை எடுத்து வீசு வீசென்று வீசினாள். உள்ளே இருந்தவள் அம்மா காக்கை ஓட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டாளாம். பிறகு பட்டம்மாள் தன் பங்குக்கு ஜன்னலில் வந்து, மாப்பிள்ளை வீட்டார் கம்ப்யூட்டரில் இருக்கிறார்கள் என்ற எண்ணத்தில் கையெடுத்துக் கும்பிட்டாள். அதை அங்கே சிந்துஜா பார்த்துவிட்டுப் பதிலுக்குக் கும்பிட்டதாம். அப்போதுதான் இளமதி திரும்பிப் பார்த்திருக்கிறாள். எதிர்வீட்டு மாடி டேங்க் நிரம்பி வழிவது தெரிந்திருக்கிறது. பேட்டரி பதினோரு சதவீதம்.

கதவைத் திறந்துகொண்டு வந்தாள். லேப்டாப்பையும் கையில் ஏந்திக்கொண்டே வந்தாள், கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது. "ஒரு நிமிஷம் மேடம், எல்.சி. திருப்பிக் குடுத்துட்டு வந்துடறேன்" என்று அதனிடம் சொன்னாள். நான் மெயினை மறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். ஏன் போடவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை மச்சான். லேப்டாப்பை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, நோட்டை வாங்கி, நேரம் போட்டு எழுதினாள்: "ஆட்கள், சாமான்கள், எர்த் எல்லாம் அகற்றப்பட்டன. மின்பாதையில் மின்சாரம் செலுத்தலாம்." கீழே கையெழுத்து. போர்டை அவளே கழற்றி என் கையில் கொடுத்தாள். அது நாங்கள் எழுதுகிற அதே வாசகம். நான் அவளுக்குச் சொன்னதே இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து சப்-ஸ்டேஷனில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாளே, அப்போது பார்த்திருக்கிறாள் போல. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மெயினைப் போட்டேன். வாசலில் வளைவு லைட்டும் சேர்ந்து எரிந்தது, யாரோ அதை நம்ம பிளக்கில் சொருகி வைத்திருக்கிறான். தெரு கைதட்டியது.

லேப்டாப்புக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. சிந்துஜாதான். அரை நிமிஷம் அடக்க முடியாமல் சிரித்துவிட்டு, "சார், கொஞ்சம் அந்த நோட்டக் காட்டுங்க" என்றது. காட்டினேன். முழுவதும் படித்தது. "உங்க பொண்ணு எங்க ஆள என்னா பண்ணிருக்கு தெரியுமா?" என்று கேட்டுவிட்டு அந்தச் சிலம்பரசனைக் கூப்பிட்டது. அவன் முகம் தொங்கிப்போய் வந்து நின்றான். "நாப்பது நிமிஷமா நான் வெளிய நிக்கறேன் சார். நான் ஒடைக்கணும், அதுதான் எனக்குக் குடுத்த வேல. இவுங்க நாலாவது தடவ ரிப்பேர் பண்ணும்போது சர்வர்ல ஒரு பூட்டப் போட்டாங்க, இவுங்க பேர்ல. இவுங்களா வந்து எடுத்தாத்தான் அடுத்த ஆளு உள்ள போவ முடியும். எடுக்க மறந்துட்டாங்க. என் சொந்த சர்வர்லயே என்னால நொழைய முடியல" என்றான். நான் மெயின் முன்னால் நின்ற அதே நாற்பது நிமிஷம் மச்சான்!

சிந்துஜாவுக்கு அது ஏன் அவ்வளவு சந்தோஷம் என்றால், போன மாதம் அவர்கள் ஆபீசில் இரண்டு பேர், ஒருத்தர் கை வைத்தது மற்றவருக்குத் தெரியாமல், ஒரே நேரத்தில் சர்வரில் வேலை செய்திருக்கிறார்கள். டோக்கன் கணக்கு குழம்பிப்போய், ஒரு கிளினிக்கில் வந்த நாற்பத்தாறு பேருக்கும் முதல் நம்பர் விழுந்திருக்கிறது. நாற்பத்தாறு பேரும் நான்தான் முதல் ஆள் என்று கதவை மொய்க்க, டாக்டர் பின்வாசல் வழியாகப் போய் ஆட்டோ ஏறிவிட்டாராம். "அன்னைக்கு இந்தப் பூட்டப் போட எங்க ஆபீசுல ஒருத்தருக்கும் தோணல. பரீட்சையிலயே இவங்களுக்குத் தோணிச்சு. எங்கேருந்து வந்துச்சுன்னு இப்பதான் பாத்தேன்" என்றது. மீதித் தேர்வு வேண்டாம், திங்கட்கிழமை வந்து சேர்ந்துவிடச் சொன்னது. இளமதி அந்த இடத்திலேயே, வளைவுக்கு அடியில், அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். பட்டம்மாள் எல்லோருக்கும் வாழைப்பழம் கொடுத்தாள். மாப்பிள்ளை ஒத்துக்கொண்டுவிட்டதாக இன்றுவரைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறாள். சிங்காரம் மூன்றரை மணிக்கு டீசலோடு வந்து, "ஆரம்பிக்கலாமா மாமா?" என்றான்.

ஆகவே மச்சான், எங்கள் பிள்ளை படித்த படிப்புக்கு, அவள் கேட்ட வேலை, அவள் ஊரிலேயே கிடைத்துவிட்டது. திங்கள், புதன், வெள்ளி பாசஞ்சரில் போய்ச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவாள். எங்கேயும் அனுப்ப வேண்டியதில்லை. ரயிலை விட்டு இறங்கி வருகிற பெண்ணை வாசலில் பார்க்கிற பாக்கியம் எல்லா அப்பனுக்கும் கிடைக்காது, அதை நான் விடுவதாக இல்லை. கார் கம்பெனிக்காரரிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளவும். மாடி ரூமில் மறுபடி வடகம் காயப்போடலாம் என்று தங்கச்சியிடம் சொல்லவும்.

பிள்ளைகள் இருவரும் நன்றாகப் படித்து, எந்தக் காலத்திலும் டிரிப் ஆகாத வாழ்வு வாழ என் ஆசீர்வாதம். தங்கச்சிக்கு அன்பு. உங்களுக்கு என் நமஸ்காரம். அக்காள் தனியாக எழுதவில்லை. என்னைப் பற்றி அவள் சொல்ல வேண்டியதை எல்லாம் தெருவிலேயே சொல்லிவிட்டாள்.

இப்படிக்கு,
தங்கள் அத்தான்
மணவாளன்

பின்குறிப்பு: இன்று வியாழக்கிழமை. ஸ்டாம்பு வாங்கப் போவதும் மறப்பதுமாக நாலு நாள் போய்விட்டது. நேற்றுச் சாயங்காலம் இளமதி ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுகிற சத்தத்திலேயே விஷயம் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. கம்பெனிக்குப் புதிதாகப் பன்னிரண்டு கிளினிக் ஒரே இடத்தில் கிடைத்திருக்கிறதாம். ஆரம்பத்தில் விழாமல் ஓட ஒருத்தர் அங்கேயே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டுமாம், மூன்று மாதம். சிந்துஜா இவளைத்தான் நம்பி அனுப்புகிறது. இடம் தாம்பரம். ஆகவே மேலே "வரமாட்டாள்" என்று எழுதியிருப்பதை எல்லாம் "வருகிறாள்" என்று மாற்றிப் படிக்கவும். வடகத்தை எடுத்துவிடவும். கட்டிலைத் திருப்பிக் கொடுத்திருந்தால் ஓடிப்போய் வாங்கி வரவும். ஸ்டாம்பும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுத்துவிட்டு, இவ்வளவு நேரமாகப் பையோடு வாசலில் நிற்பது இளமதிதான், உள்ளே கூப்பிடவும். மூன்று மாதத்துக்கு உங்கள் பெயரில் எல்.சி. எழுதியிருக்கிறேன் மச்சான். போனில் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன், எடுத்த ஆளே அவளைக் கூட்டிக்கொண்டு நேரில் வந்து திருப்பித் தரவேண்டும். அதுவரைக்கும் போர்டு அவளுடைய ரூம் கதவில் தொங்கும். நோட்டில் உங்கள் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.